கல்யாணத்துக்கு ஒரு செட் பல்

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஈறில் ரத்தம் வந்தால் குற்றவாளி டுரியான்தான். டுரியான் காலம் இல்லையென்றால் மாம்பழம். மாம்பழமும் இல்லையென்றால் நேற்று சாப்பிட்ட கோழிக் கறி. எப்படிப் பார்த்தாலும் உடம்புச் சூடுதான் காரணம், அதற்கு வைத்தியமும் கையோடு இருக்கிறது. தின்று முடித்த டுரியான் தோலின் குழியில் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, அப்படியே குடித்துவிட வேண்டும். தோல் கிடைக்காத நாட்களில் பார்லி தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் டவுனில் சீனர் கடையில் விற்கும் கசப்பு டீ. நான் இவை எல்லாவற்றையும் வருடக்கணக்கில் குடித்திருக்கிறேன். சூடு இறங்கியதோ இல்லையோ, ரத்தம் நிற்கவில்லை. பிரஷ்ஷில் வந்தது, கடித்த கொய்யாவில் வந்தது, காலையில் தலையணை உறையில்கூட இருந்தது.

இன்னொரு வைத்தியமும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படக்கூடாது. "புண்ணா இருக்கற எடத்தப் போட்டு ஏன் தேய்க்கற? விட்டுரு, தானா ஆறிரும்." இதைச் சொல்லாத ஆள் எங்கள் சொந்தத்தில் இல்லை. அதனால் நான் ஒழுங்காகப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், ரத்தம் வரும் இடங்களை மட்டும் தவிர்த்து. எந்த இடத்தை முக்கியமாகத் துலக்க வேண்டுமோ அந்த இடத்தைப் பத்திரமாக விட்டுவிட்டு, மற்ற இடங்களைப் பளபளவென்று வைத்திருந்தேன்.

என் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கியிருந்தன. நாக்கால் தள்ளினால் அசையும். மேல்வரிசையில் இரண்டு பற்கள் விலகி, கொஞ்சம் முன்னால் வந்து நின்றன. வலி மட்டும் துளியும் இல்லை. வலித்திருந்தால் என்றைக்கோ போயிருப்பேன். தினமும் விடிவதற்கு முன் கெலாங் பாத்தாவில் பஸ் ஏறி, பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவளுக்கு, வலிக்காத பல்லைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்? வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்துக்குக் காஹாங்கிலிருந்து சின்னம்மா வந்திருந்தார். அம்மாவின் தங்கை. யார் வீட்டில் எது கோணலாக இருந்தாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும். நான் யாரிடமோ பேசிச் சிரித்ததைப் பார்த்துவிட்டார்.

"என்னா லா, பல்லு இப்படி முன்னுக்கு வருது? கல்யாணத்துக்குள்ள எல்லாத்தையும் புடுங்கிட்டு ஒரு செட் கட்டிரு. ஒங்கம்மா கட்டல? அந்தக் கல்யாண போட்டோல எவ்வளவு லட்சணமா இருக்காங்க பாரு."

பக்கத்தில் இருந்த அம்மா தலையை ஆட்டினார். "நம்ம வம்சத்துக்கு நாப்பதுக்கு மேல பல்லு நிக்காது. ஒனக்கு இவ்வளவு நாளு நின்னதே பெருசு." சாயங்காலம் மழை வரும் என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பலகாரத் தட்டை மேசைமேல் ஓசைப்பட வைத்தேன். வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்காவின் கல்யாணத்தில் எடுத்தது. அப்போது நாங்கள் லாபிஸ் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தோம். அம்மா பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எங்கள் லயத்துப் பெண்களிடையே இது ஒரு வழக்கமாகவே இருந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் தாலிக்குச் சொல்ல வேண்டும், புடவை எடுக்க வேண்டும், பெண்ணின் அம்மாவுக்குப் பல் ஆடினால் செட் கட்ட வேண்டும். ஓட்டை வாயோடு மணவறைப் பக்கத்தில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? டவுனில் ஒரு கடை மாடியில் பல் பிடுங்கி செட் கட்டும் ஆள் இருந்தார். அம்மா வாராவாரம் அங்கே போய், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தார். வாரத்துக்கு வாரம் கன்னம் உள்ளே போனது. கடைசியில் செட் வந்தது. போட்டோவில் அம்மா வரிசை தப்பாத வெள்ளைப் பற்களோடு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு யாருடையதோ மாதிரி இருக்கும். சொந்தக்காரர்கள் எல்லாரும் லட்சணம் என்றார்கள். ஒரு மனுஷியின் வாயில் இருந்த அத்தனை பல்லும் போய்விட்டதே என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா முறுக்குச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கறியை விரலால் பிய்த்துப் பிய்த்து, நார் நாராக்கித்தான் சாப்பிடுவார். வெளியே சாப்பிடப் போனால் எனக்குப் பசியில்லை என்பார். முப்பது வருடமாக அவருக்குப் பசியில்லை.

என் மகள்தான் என்னைப் பல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். "புடுங்கறதா இருந்தாலும் டாக்டர் சொல்லட்டும் மா. சின்னப் பாட்டி சொல்லக் கூடாது." அவளுக்கு என் வாய் அப்படியே வந்திருக்கிறது, பேசுவதில்.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். அவர் மலாயில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். முனையில் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு விட்டு எடுத்து, பக்கத்தில் இருந்த நர்சிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். நல்ல ஈறு என்றால் அந்தக் கம்பி கொஞ்சம்தான் உள்ளே போகுமாம். எனக்குப் பல இடங்களில் அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு எக்ஸ்ரே. அதில் என் பற்களைக் கண்டதும் எனக்கு ஆற்றோரச் செம்பனை மரங்கள்தான் நினைவுக்கு வந்தன. மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட, வேர் தெரிய நிற்குமே, அப்படி. எலும்பு பாதி இடத்தில் இல்லை.

"ரத்தம் எவ்வளவு நாளாக வருகிறது?" என்று கேட்டார்.

மகள் ஆரம்பப் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் தினமும் கிருமிகள் ஒரு படலமாகப் படிகின்றன. நன்றாகத் துலக்கினால் போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலோடு சேர்ந்து இறுகிக் கல்லாகும். கல்லின்மேல் இன்னும் கிருமி சேரும். ஈறு வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். அப்போதே கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். கவனிக்காவிட்டால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை மாதிரித் திறந்துகொள்ளும், கல் அதற்குள்ளே இறங்கும், உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பெரும்பாலும் வலிக்காது. ஆடத் தொடங்கும்போதுதான் ஆட்கள் வருகிறார்கள் என்றார். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்றும் கேட்டார். இருக்கிறது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் சொன்ன பேச்சுக் கேட்காது என்றார். இத்தனை வருடம் என் விரலைக் குத்திக் குத்திச் சர்க்கரை பார்த்தவர்களில் ஒருவராவது வாயைத் திற என்று சொல்லியிருக்கலாம்.

"எல்லாவற்றையும் பிடுங்க வேண்டுமா?" என்று கேட்டேன்.

"ஏன் பிடுங்க வேண்டும்?" அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். "ஒன்று, இரண்டு நிற்காமல் போகலாம். மற்றதைக் காப்பாற்றப் பார்ப்போம். போன எலும்பு திரும்பாது. இருப்பதை நிறுத்திக்கொள்ளலாம்."

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். எனக்கோ தலைக்குள் கொதித்தது. துலக்கியிருந்தால் போதும், வருடத்துக்கு ஒருமுறை யாராவது கல்லை எடுத்திருந்தால் போதும். இவ்வளவு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்குப் பாதி எலும்பு போக வேண்டியிருந்தது. அதுவரை குடித்த கசப்பு டீ எல்லாம் தொண்டைவரை வந்தது.

சிகிச்சை ஒரே நாளில் முடியவில்லை. வாயின் ஒரு பக்கத்துக்கு மரத்துப்போக ஊசி போடுவார். முதலில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கிர்ரென்று ஒரு கருவி. அதன் பிறகு கொக்கி போன்ற கம்பிகளை ஈறுக்குள்ளே விட்டு, பல்லின் வேரைக் கையாலேயே சுரண்டுவார். வலி இல்லை, ஆனால் அந்தச் சுரண்டல் மண்டைக்குள் கேட்கும். எடுத்த கல்லைத் துணியில் வைத்துக் காட்டினார். கறுப்பாக, கரித்தூள் மாதிரி. வீட்டில் பல் இடுக்குக்குள் விட்டுத் தேய்க்க ஒரு குட்டிப் பிரஷ் கொடுத்து, எப்படித் தேய்ப்பது என்று சொல்லிக் கொடுத்தார். "ரத்தம் வந்தால் நிறுத்தாதீர்கள். ரத்தம் வருகிற இடத்தைத்தான் மெதுவாக, நன்றாகத் தேய்க்க வேண்டும்." இதைக் கேட்டபோது என் மகள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழ் முன்பல் ஒன்றை மட்டும் நிறுத்த முடியவில்லை. அதை எடுத்துவிட்டார்.

வீட்டில் அது வெற்றிச் செய்தியாகிவிட்டது. சின்னம்மா காஹாங்கிலிருந்து வீடியோ காலில் வந்தார். "ஒண்ணு போச்சா? இனி வரிசையா போவும் பாரு." அது போதாதென்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வீக்கம் வடிந்ததும் ஈறு சுருங்கியது. பற்கள் நீளமாகத் தெரிந்தன. கல் அடைத்திருந்த இடமெல்லாம் இடைவெளி. பச்சைத் தண்ணீர் பட்டால் கூசியது. கொஞ்ச நாளைக்கு முன்னைவிட அதிகமாக ஆடுவதுபோலக்கூட இருந்தது. இதெல்லாம் நடக்கும், பயப்பட வேண்டாம், ஈறு இறுகினால் சரியாகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அவர் சொன்னதை எங்கள் வீட்டில் யார் கேட்பது?

"நான் சொன்னேன்ல," என்றார் அம்மா. "கல்லுதான் பல்லப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. கல்ல எடுத்தா பல்லு ஆடத்தான் செய்யும். அந்தக் காலத்துலயே எல்லாரும் சொல்லுவாங்க."

ஆமாம், எல்லாரும் சொல்வார்கள். லயத்திலிருந்து டவுனுக்கு வந்தோம், அடுக்குமாடிக்கு வந்தோம், பிள்ளைகள் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டார்கள், இந்த ஒரு பேச்சு மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது. கல் எடுத்தால் பல் ஆடும் என்று பயந்து, ஈறில் கல்லை வளர்த்து, கல்லால் எலும்பு போய், பல் ஆடி, அதைப் பிடுங்கி செட் கட்டி, பிறகு அடுத்தவளிடமும் அதையே சொல்வது.

அடுத்த சனிக்கிழமை காலை நான் காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார். "பதினோரு மணிக்குப் போலாம். செட் கட்டறவரு ஒருத்தரு கிட்ட பேசிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிக் குடுத்துருவாராம்."

நான் கரண்டியைத் தொட்டியில் எறிந்தேன். "ஒங்கள யாரும்மா பேசச் சொன்னது? எம் பல்லு. நான் பாத்துக்கறேன்."

"ஆடற பல்ல வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போற? மாப்ள வூட்டு ஆளுங்க முன்னாடி ஓட்டப் பல்லோட நிக்கப் போறியா?"

"நிப்பேன்."

"சொல்றதக் கேளு. எல்லாத்தையும் எடுத்துட்டா நிம்மதி. வலியும் இல்ல, ரத்தமும் இல்ல."

என் அம்மா எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவர். சமையல், டிவி, சாமி கும்பிடப் போகும் கோயில் எல்லாவற்றிலும் "ஒங்க இஷ்டம்" என்பதே அவர் பதில். அப்பா போன பிறகு லாபிஸ் டவுன் வீட்டை விற்றபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிப்பட்டவர் என் வாயில் இருக்கும் பல்லுக்காக மட்டும் வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றார். செட் கட்டுகிறவருக்குப் போன் செய்தார், தங்கையை ஏவிவிட்டார், பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம்கூட "அவளுக்குச் சொல்லுங்க" என்றார். எனக்கு அது வெறும் அறியாமையாகத்தான் பட்டது. அறியாமை பிடிவாதம் பிடித்தால் எனக்குப் பொறுக்காது.

அன்று செட் கட்டுகிறவரிடம் நாங்கள் போகவில்லை. மறுபரிசோதனைக்கு நாள் வந்தபோது, "அந்தப் பொண்ணு என்னாதான் பண்ணுதுன்னு நானும் வந்து பாக்கறேன்," என்று அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். குட்டிப் பிரஷ்ஷோடு தினமும் காலையும் இரவும் கண்ணாடிமுன் நின்றிருக்கிறேன், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். அப்படியும் டாக்டர் கையை விரித்துவிட்டால் என்னிடம் சொல்ல வேறு பதில் இல்லை.

டாக்டர் மறுபடியும் அந்தக் கம்பியை விட்டுப் பார்த்தார். நர்சிடம் சொன்ன எண்கள் சின்னதாகிவிட்டிருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இன்னும் ஆழம் இருக்கிறது, அதைத் திரும்பச் சுத்தம் செய்யலாம் என்றார். ஆடிய பற்களை இரண்டு கருவிகளின் கைப்பிடிகளுக்கு நடுவில் வைத்து அசைத்துப் பார்த்தார். இறுகியிருந்தன. பிறகு அம்மாவை அருகில் கூப்பிட்டு, என் கீழ் உதட்டை இழுத்துக் காட்டினார்.

"பாருங்கள் மக்சிக், ரத்தமே இல்லை." மலாய்க்காரர்கள் வயதான பெண்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். என் வாயை அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது நான் பால் குடித்த காலத்தோடு சரி என்று நினைக்கிறேன். பிறகு தோட்டத்தில் பழகிய உடைந்த மலாயில் கேட்டார். "கல்லை எடுத்தால் பல் விழாதா?"

விழாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கல் பல்லைப் பிடித்து வைப்பதில்லை. வீங்கிய ஈறும் கல்லும் இடைவெளியை மறைத்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பல்லைத் தாங்கும் எலும்பைத் தின்றுகொண்டிருந்ததே அந்தக் கல்தான்.

அம்மா நிமிர்ந்தார். "இந்த வைத்தியம் புதியதா? முன்பு இல்லையா?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். வாய் நிறையக் கருவியோடு நான் என்ன சொல்ல முடியும்?

"இருந்தது மக்சிக்," என்றார் டாக்டர். "முன்பே இருந்தது."

"என் பல்லும் இப்படித்தான் ஆடியது."

"உங்கள் பல்லை நான் பார்க்கவில்லை. அதனால் எதுவும் சொல்ல முடியாது." அவர் குரல் தாழ்ந்தது. "ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்க வேண்டிய நிலை எல்லாருக்கும் வருவதில்லை."

அம்மா சரி என்று தலையாட்டி, போய் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். மற்றதை டாக்டர் என்னிடம் சொன்னார், எதுவும் என் காதில் ஏறவில்லை.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். பாலத்துக்குப் போகும் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நான் ஜெயித்துவிட்டேன். சின்னம்மாவுக்குப் போன் போட்டு என்னவெல்லாம் கேட்பது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பின்னாடி நாலு கடவாப் பல்லு," என்றார் திடீரென்று. "அது ஆடவே இல்ல."

நான் புரியாமல் திரும்பினேன்.

"அந்தாளு கிட்ட சொன்னேன். இது நல்லாத்தான் இருக்குது, இத விட்டுருங்கன்னு. எல்லாத்தையும் எடுத்தாதான் செட் நல்லா ஒக்காரும்னான். ஒங்கப்பா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. அவரு கிட்டயும் சொன்னேன். கல்யாண வேல தலைக்கு மேல கெடக்குது, நாலு பல்லுக்கு என்னா பேச்சுன்னுட்டாரு. ஒஞ் சின்னம்மாவும் கூட இருந்தா. அவளும் ஒண்ணுஞ் சொல்லல."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன். "இவ்வளவு நாளா வம்சம் வம்சம்னுதானே சொன்னீங்க?"

"பின்ன என்னான்னு சொல்றது?"

வண்டியை ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் நிறுத்தினேன். அம்மா அழப் போகிறார் என்று நினைத்து டிஷ்யூவை எடுத்து நீட்டினேன். அதைத் தட்டிவிட்டார். அழவில்லை. இத்தனை வயதில் முதல் முறையாக என் அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். முகமெல்லாம் இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, எதிரே யாரோ நிற்பதுபோல நேராக வெறித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பல்லுடி அது," என்றார். "ஆடவே இல்ல. அஞ்சு மாசமா புடுங்குனான். ஒவ்வொரு வாரமும் சொன்னேன்."